தோரின் சுத்தியலா, வெக்விசிரா?

வைக்கிங் சின்னம் ஒன்றைப் பச்சை குத்திக்கொள்ள ஆசைப்படுபவர்கள் பலர், தோரின் சுத்தியல், வழிகாட்டும் மந்திரக் குறியான வெக்விசிர் ஆகிய இந்த இரண்டில் எது என்று கேட்கிறார்கள். என் ஓட்டு சுத்தியலுக்குத்தான்.

அது வைக்கிங்குகளே கழுத்தில் அணிந்தது. இடியின் தெய்வமான தோர் அரக்கர்களை அடித்து வீழ்த்தும் மியோல்னிர் அது. மணப்பெண்ணின் மடியில் அதை வைத்து ஆசி வழங்குவதைப் பற்றிப் வைக்கிங்குகளின் மொழியான பழைய நோர்ஸில் உள்ள பாடல் ஒன்றும் பேசுகிறது. டென்மார்க்கின் ட்ரெண்ட்கோர்டனில் கிடைத்த 10-ஆம் நூற்றாண்டு மாக்கல் அச்சைப் பாருங்கள்: ஒரே கல்லில் சுத்தியலுக்கு ஒரு குழி, பக்கத்திலேயே சிலுவைகளுக்கும் குழி! பழைய தெய்வத்தைக் கும்பிட்டவருக்கும் புதிதாகக் கிறிஸ்தவரானவருக்கும் ஒரே அச்சிலேயே பதக்கம் வார்க்க முடிந்திருக்கிறது. மதம் மாறிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் பொருள் வேறு கிடைப்பது அரிது.

எட்டுக் கைகள் விரியும் வெக்விசிர் அழகுதான். ஆனால் அது இருப்பது 1860-இல் ஐஸ்லாந்தில் தொகுத்த ஹுல்ட் கையெழுத்துப் பிரதியில். வைக்கிங் காலம் முடிந்து கிட்டத்தட்ட 800 ஆண்டுகள் கழித்து. இதை வைத்திருப்பவர் புயலிலும் வழி தவறமாட்டார் என்கிறது அந்தப் பிரதி. அந்த நம்பிக்கை பிடித்திருந்தால் தாராளமாகக் குத்திக்கொள்ளுங்கள், ஐஸ்லாந்தின் மந்திரக் குறியாக.