கறி அடுப்பில், பகடை கையில்: மூன்று வருட அனுபவம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் ஐந்து பேர், ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு போர்ட் கேம். தொடங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது. எந்த கேம் நல்லது என்று சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். அடுப்படிக்கும் மேசைக்கும் நடுவில் ஓடுகிறவனுக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் சமைப்பது நான், அதனால் இதை நானே எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது கட்டான். 1995இல் ஜெர்மனியில் கிளவுஸ் டொய்பர் உருவாக்கியது. 19 அறுகோணத் துண்டுகளை அடுக்கினால் ஒரு தீவு. பகடையில் விழும் எண்ணைப் பொறுத்து மரம், செங்கல், கம்பளி (எங்கள் மேசையில் அதற்குப் பெயர் ஆடு), கோதுமை, தாது அட்டைகளாகக் கிடைக்கும். அதைக் கொண்டு சாலையும் ஊரும் நகரமும் கட்டி 10 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். பெட்டியில் இருப்பது நான்கு பேருக்குத்தான். ஐந்தாவது ஆளுக்குத் தனியாக இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். வாங்கினேன்.

அம்மா முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தாயத்துல வெட்டுற மாதிரி இதுல வெட்ட முடியாதா?" என்று கேட்டார். முடியாது. கட்டியதை யாரும் இடிக்க முடியாது, யாரும் பாதியில் வெளியேறுவதும் கிடையாது. சமைக்கிறவனுக்கு வினையே அதுதான். அடுத்தவர் உருட்டினாலும் அந்த எண் உள்ள துண்டின் ஓரத்தில் நம் ஊர் இருந்தால் நமக்கும் சரக்கு உண்டு, பேரமும் அப்போதே நடக்கும். ஆட்டுக்கறிப் பெரட்டலோ கடைசி இருபது நிமிடம் ஆளை நகரவிடாது. சுண்டச் சுண்டக் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். கரண்டியோடு நிற்கும்போது உள்ளே "எட்டு விழுந்துருச்சு!" என்று சத்தம் கேட்கும். என் எட்டு. எனக்கு அட்டை எடுத்து வைத்தார்களா என்று எட்டிப் பார்ப்பதற்குள் கறி அடி பிடித்துவிடும். "அண்ணே, தீயுற வாசம் வருது" என்று அக்கறையாகச் சொல்கிற தம்பி, என் கோதுமையைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டான்.

இதில் ஏழு வேறு. இரண்டு பகடையில் விழக்கூடிய 36 வகையில் ஆறில் கூட்டுத்தொகை ஏழுதான், வேறு எந்த எண்ணும் அத்தனை முறை வராது. ஏழு விழும்போது கையில் ஏழுக்கு மேல் அட்டை வைத்திருப்பவர் பாதியைப் போட்டுவிட வேண்டும். எதைப் போடுவது என்று கேட்க என் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே ஆள் வரும்.

டிக்கெட் டு ரைட் இதற்கு நேர் எதிர். ஆலன் ஆர். மூன் உருவாக்கி 2004இல் வெளிவந்த ரயில் பாதை விளையாட்டு, ஐந்து பேர் வரை ஆடலாம். நம் முறை வரும்போது ஒரு வேலை: அட்டை எடு, அல்லது பாதை போடு, அல்லது எந்த ஊரை எந்த ஊரோடு இணைக்க வேண்டும் என்று சொல்லும் புது டிக்கெட் எடு. அவ்வளவுதான். ரசத்துக்குத் தாளித்துவிட்டு வருவதற்கும் நம் முறை வருவதற்கும் சரியாக இருக்கும். என்ன, மேசை அமைதியாகிவிடும். "ரெண்டு ஆடு தரேன், ஒரு செங்கல் குடு லா" என்ற கெஞ்சல் இல்லாமல் எனக்கு வீடு வீடாகவே தெரியவில்லை.

டெர்ராஃபார்மிங் மார்ஸ் நல்ல சரக்கு, 2016இல் சுவீடனிலிருந்து வந்தது. செவ்வாயின் வெப்பத்தைப் பூஜ்யத்துக்கு மேல் 8 பாகைக்கும், ஆக்சிஜனை 14 விழுக்காட்டுக்கும் ஏற்றி, 9 கடலை நிரப்பினால் ஆட்டம் முடியும். பெட்டியில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. சாப்பாட்டோடு ஐந்து பேர் உட்கார்ந்தால் எங்களுக்கு மூன்றரைக்குக் குறைந்ததில்லை. செந்தூல் தீமோரில் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கடிகாரத்தையே பார்ப்பார்கள். ஆளுக்கொரு மெல்லிய அட்டையில் சின்னக் கட்டைகளை அடுக்கித்தான் கணக்கு வைக்க வேண்டும். ஒருமுறை அப்பளத் தட்டை நகர்த்தியதில் ஒருவரின் மொத்த வருமானமும் இடம் மாறிப்போனது. இப்போது மூன்று பேர் வந்தால் மட்டும்தான் அதை எடுக்கிறேன்.

சரி, சமையல் பக்கம். முதல் வருடம் சாப்பாடும் ஆட்டமும் ஒன்றாக நடந்தன. ஒரு கம்பளி அட்டையின் முதுகில் மஞ்சள் கறை ஏறிவிட்டது. அது யார் கையில் இருந்தாலும், "உங்கிட்டதான் ஆடு இருக்கே" என்று எதிரில் இருப்பவர் சொல்லிவிடுவார். 95 சரக்கு அட்டைகளுக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட பிறகுதான் அந்தக் கூத்து ஓய்ந்தது. அடுப்புச் சூட்டுக்கு மின்விசிறியை மூன்றில் வைத்தால் அட்டை பறக்கும், ஒன்றில் வைத்தால் ஆள் வேகும். அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

இப்போது முதல் நாள் இரவே மீன் குழம்பு வைத்துவிடுகிறேன். மறுநாள்தானே அதற்கு ருசி. ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டேகாலுக்கு மேசையைத் துடைத்து, எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு பெட்டி திறக்கும். பெரட்டல் வேண்டும் என்று அடம்பிடித்தால் அன்றைக்கு ரயில்தான், கட்டான் கிடையாது. மலாய்த் தோழி வருவதால் கறி எப்போதும் ஹலால் கடையில். நோன்பு மாதத்தில் அவர் நோன்பு துறந்துவிட்டு வரும்வரை காத்திருந்து ஒன்பதுக்குத் தொடங்குவோம். புரட்டாசியில் எல்லோருக்கும் சைவம். அந்த மாதம் நான்தான் அதிகம் ஜெயிப்பேன், சாம்பாருக்குக் காவல் நிற்க வேண்டாமே.

ஒரே குறை, இணையக் கடையில் வாங்கிய கட்டான் பெட்டியில் நீலச் சாலை 15க்கு 14தான் இருந்தது. இரண்டு மாதம் எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. அப்புறம் அளவாக ஒரு பட்டைத் துண்டை உடைத்து வைத்தேன், நன்றாகவே ஓடியது. போன மாதம் அவசரத்தில் அதையும் கறியில் போட்டுவிட்டேன். இப்போது கிராம்பு.