பாளையங்கோட்டையில் சுகர் டெஸ்ட்

காலை ஆறரைக்கே லேப்பைத் திறந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு போகிறவனுக்கு அதுவே பெரிய உபகாரம். ரத்தம் எடுத்த பெண்ணுக்கு நல்ல கைலாகவம், எறும்பு கடித்த அளவுகூட வலியில்லை. ஆனால் ராத்திரி எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டு மணி நேரமாவது பட்டினி கிடந்தால்தானே ஃபாஸ்டிங்? (நான் ஒன்பதரைக்கே அல்வாவோடு முடித்திருந்தேன்.)

ரிசல்ட் 106. தாளில் ‘நார்மல்: 110 வரை’ என்று அச்சடித்திருந்தது. சரி, தப்பித்தோம் என்று டீயில் சர்க்கரை கேட்டேன். டாக்டர்தான் பேனாவால் வட்டம் போட்டார்: உலக சுகாதார நிறுவனக் கணக்கு 110இல் தொடங்குகிறது, அமெரிக்க நீரிழிவுச் சங்கத்துக்கு 100 தொட்டாலே முன்நீரிழிவு, இந்தக் கட்டத்திலேயே இதய நோய் அபாயமும் கொஞ்சம் கூடுகிறதாம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c டெஸ்டும் பார்க்கச் சொன்னார்: 5.9 சதவீதம். அதற்கும் அதே லேப்புக்குத்தான் போனேன், அந்தப் பெண்ணின் கைக்காக.