ஸ்கைரிமா, விட்சர் 3ஆ: எந்த உலகம் உள்ளே இழுக்கிறது?

கிருஷ்ணகிரியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சையத் பாஷா மலைக்கோட்டை தெரியும். சின்ன வயதில் தினமும் பார்த்துப் பார்த்து, ஒருநாள் ஏறியே விட்டேன். 2011இல் வந்த ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் அந்த ஆசையைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. தூரத்தில் ஒரு மலை தெரிந்தால் போதும், கதையை அப்படியே போட்டுவிட்டு நடக்கலாம். அதில் வரும் ரிவர்வுட் என்ற ஊரின் கொல்லர் பகலில் உலைக்களத்தில் இரும்படிப்பார், இருட்டினால் நிறுத்திவிடுவார். மேசையில் கிடக்கும் முட்டைக்கோஸைக்கூடக் கையில் எடுக்கலாம். ஆனால் ஆட்கள் பேசியதையே திரும்பத் திரும்பப் பேசுவார்கள். அங்கேதான் மாயம் கலைகிறது.

2015இல் வந்த விட்சர் 3 என்ற கேமில் நம் விருப்பத்துக்கு ஆளை உருவாக்க முடியாது, கெரால்ட் என்ற அரக்க வேட்டைக்காரனாகத்தான் ஆட வேண்டும். சரி, அது ஒரு குறைதான். ஆனால் அதில் வரும் வேலன் என்ற சதுப்பு நிலத்தில் காற்றடித்தால் மரமெல்லாம் வளைந்தாடும். மழை பிடித்தால் ஊர்க்காரர்கள் கூரைக்கடியில் ஓடி ஒதுங்குவார்கள், நம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒதுங்குகிற மாதிரியே. ஒரு குன்றில் அடைபட்ட ஆவியை விடுவிப்பதா, கொல்வதா என்று நாம் எடுத்த முடிவு, அப்புறம் ப்ளடி பாரன் என்ற அந்தப் பகுதித் தலைவனின் குடும்பத்தையே தொடும்.

ஊர் சுற்றத் தோன்றினால் நான் திறப்பது ஸ்கைரிம். கேமை அணைத்த பின்னும் மனசை உறுத்தியது விட்சர் மட்டும்தான்.