மயில்கழுத்துக்கு மேட்சிங்: விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை

அம்மாவின் கல்யாணப் பட்டு மயில்கழுத்துக் கலர், அரக்குக் கரை. அதற்கான ஜாக்கெட் அம்மாவின் இருபது வயதில் தைத்தது. எனக்குக் கைகூட நுழையாது. அக்கா மகள் கல்யாணத்துக்கு இந்தப் புடவையைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் அறிவித்ததோடு அலைச்சல் ஆரம்பம்.

முதலில் ஜாக்கெட் துணியை ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் மயில்கழுத்து, பிரித்தால் பாசி. அடுத்து எங்கள் ஊரில் ஏசி போட்ட ஒரு கடை. அங்கே விளக்கு வெளிச்சத்தில் அச்சு அசலாகப் பொருந்திய துணி, பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் வேறு ஜாதியாகிவிட்டது. திரும்பப் போனால், வெட்டின துணியை எடுக்க மாட்டோம் என்றார்கள். நியாயம்தான். எங்கள் தையல்காரர்தான் மதுரைக்குப் போகச் சொன்னார். "விளக்குத்தூண் பக்கம் போங்க, கடைசி கவுண்டரில் ஒரு அம்மா இருக்கும்."

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. துணி எடுத்துத் தரும் அந்தக் கடை அக்கா தன் பெயர் வேண்டாம் என்றார். கடையைச் சொன்னால் அவரைச் சொன்ன மாதிரிதான். குறுகலான சந்தில் இருக்கும் மேட்சிங் கடை அது. இரண்டு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை ரூபியா என்கிற பருத்தி ஜாக்கெட் துணிக்கட்டுகள். வண்டி நிறுத்த இடம் கிடையாது. முகூர்த்த மாதங்களில் சாயங்காலம் போனால் முழங்கையால் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

போனில் புடவையின் படத்தைக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. "போன் அதுக்குப் பிடிச்ச கலரைக் காட்டும்மா. புடவை எங்க?" பையிலிருந்து எடுத்தேன். மற்றவர்கள் நேராக உடம்புத் துணியைத்தான் பார்த்தார்கள். இவர் மடிப்பைப் பிரித்து, ஜாக்கெட் வெட்டின உள்முனையைத் தேடினார். அங்கே பிரிந்து தொங்கும் நூலை விரலில் சுற்றி, "பாவு நீலம், ஊடை பச்சை" என்றார். நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. முந்தானைக் குஞ்சத்தில் பார்த்தால் ஆகாதா என்று கேட்டேன். காஞ்சிபுரத்தில் முந்தானைக்குத் தனிப் பாவு போட்டு உடம்போடு இணைத்து நெய்கிற புடவைகள் உண்டாம். அப்படிப்பட்ட புடவையில் குஞ்சம் முந்தானைப் பாவின் நிறத்தைத்தான் சொல்லும். நான் இத்தனை வருஷம் பட்டு கட்டுகிறேன், இது தெரியாது.

"இது நீங்க அசைஞ்சா நீலம், நின்னா பச்சை. இதுக்கு ஒத்தைக் கலர் ரூபியாவில் எதை வெச்சாலும் ஒட்டாது. உடம்பை விடுங்க, கரைக்குப் பாருங்க." சரி, அரக்கு. அதற்குமுன் ஒரு கேள்வி: முகூர்த்தம் பகலா, ராத்திரியா? பகல் என்றேன். அலமாரியிலிருந்து நான்கு அரக்குகளை உருவினார். நம்பர் எதையும் பார்க்கவில்லை. நான்கையும் புடவையையும் தூக்கிக்கொண்டு நேராகக் கடை வாசலுக்கு நடந்தார். உள்ளே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்த நான்கில், வெயிலில் ஒன்று மெரூன், ஒன்று காப்பிப்பொடி, ஒன்று வெறும் சிவப்பு. நான்காவது மட்டும் கரையோடு படுத்துக்கொண்டது. பட்டில் ஏறிய சாயம் வேறு, பருத்தியில் ஏறிய சாயம் வேறு. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். ஏசி கடையில் நான் ஏமாந்தது அங்கேதான்.

என் முன்னாலேயே ஒரு பெண் பாக்குக் கலருக்குக் கேட்டு வந்தார். மணி ஆறரை. "இருட்டிருச்சு. பாக்கு, அரக்கு, மெரூன் மூணையும் நான் டியூப்லைட்டில் எடுத்துத் தர மாட்டேன், காலையில் வாங்க" என்று அனுப்பிவிட்டார். முதலாளி கல்லாவில் இருந்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் நட்சத்திரங்களில் ஒன்று அந்த மௌனத்துக்கு.

அக்கா இங்கே வந்து இருபத்தாறு வருஷம். முதல் இரண்டு வருஷம் துணி மடித்து எடுத்துக் கொடுப்பது மட்டும். அப்புறம் அளந்து கிழிக்க விட்டார்கள். ஃபால்ஸ் கவுண்டர் அதற்கும் பிறகு. மேட்சிங்குக்கு வர ஏழு வருஷம் ஆனதாம். நம்பர் போட்ட ஷேடு கார்டு இருக்கும்போது எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். அதே நம்பர்தான் வரும், ஆனால் சாயத் தொட்டி மாறினால் கலர் ஒரு இழை நகர்ந்துவிடும் என்றார். ஆகவே கண்ணில்தான் வைத்திருக்க வேண்டும். ஆனந்தா நீலம், ராமர் நீலம், எம்.எஸ். நீலம் மூன்றையும் எனக்கு வரிசையாக வைத்துக் காட்டினார். எனக்கு மூன்றும் நீலம்.

கிழிப்பதைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் ஒரே இழுப்பு. ரூபியா ஊடை நூலோடு நேராகக் கிழிந்து வரும், கத்தரி கோணினாலும் கிழிசல் கோணாது. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "முழங்கை வரைக்குமா? அப்ப ஒரு மீட்டர். எண்பது சென்டியில் தைச்சுத் தரேன்னு டெய்லர் சொன்னா நம்பாதீங்க." லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகே தைக்கக் கொடுக்கச் சொன்னார். ஃபால்ஸுக்கும் அதேதான், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் புடவை அடியில் சுருக்கிக்கொள்ளும். லைனிங்கோடு சேர்த்து இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. இதே யோசனையைச் சொல்ல டிசைனர் பொட்டிக்கில் தனியாகக் கட்டணம் வாங்குவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். நிற்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் அதற்காக 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கே அந்த ஸ்டூலின் மேல் ஃபால்ஸ் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நான் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் அக்கா ஒரு தடவைகூட உட்காரவில்லை. காலில் நரம்பு சுருண்டிருப்பது செருப்புக்கு மேலே தெரிகிறது. ரசீதில் அவரைக் குறிப்பது "சே.கே. 4" என்ற முத்திரை. சேல்ஸ்கேர்ள் நான்கு. ஐம்பதை நெருங்குகிறவர். தையல்காரரை மாஸ்டர் என்கிறோம், சமையல்காரரை மாஸ்டர் என்கிறோம், இவருக்கு மட்டும் இன்னும் கேர்ள். முதலாளி இதைப் படித்தால், முத்திரையை மாற்ற எத்தனை ரூபாய் ஆகும்? சம்பளம் பற்றி நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

கல்யாணத்தில் ஜாக்கெட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புடவையைத்தான் கேட்டார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கடை அக்கா முன்பே சொல்லியிருந்தார்.

போகிறவர்களுக்கு: புடவையையே எடுத்துப் போங்கள். பதினோரு மணியிலிருந்து மூன்று வரை நல்ல நேரம், வாசலில் வெளிச்சம் இருக்கும். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்று அக்காவுக்கு லீவு. அவர் பழக்கிக்கொண்டிருக்கும் பையன்தான் கவுண்டரில் இருப்பான். நல்ல பையன், மரியாதையாகப் பேசுவான். வெங்காயக் கலர் கேட்டால் இன்னும் ரோஸைத்தான் உருவுகிறான்.