சிங்கர் 27: நூற்றாண்டு கடந்த ஒரு மிதி மெஷின்

நியூ ஜெர்சியில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில் 75 டாலருக்கு வாங்கிய சிங்கர் 27 தையல் மெஷினில் ஓராண்டாகத் தைத்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். உடலில் பொறித்திருக்கும் எண்ணுக்கு முன்னால் எழுத்து ஏதும் இல்லாததால், இது 1900-க்கு முன் செய்யப்பட்டது என்று தெரிகிறது. இதற்குப் பெயர் தந்த ஐசக் மெரிட் சிங்கர் 1875-லேயே காலமாகிவிட்டார். ஆனாலும் இதன் முன் உட்கார்ந்தால் அவருடைய யோசனைதான் முதலில் கண்ணில் படுகிறது.

நாடகக் குழு நடத்தி ஊர் ஊராக அலைந்த சிங்கர், 1850-இல் பாஸ்டனில் ஆர்சன் ஃபெல்ப்ஸின் பட்டறையில் ஒரு தையல் மெஷினின் ஷட்டில் (அடி நூலைச் சுமந்து ஓடும் பாகம்) வட்டமாகச் சுற்றுவதைப் பார்த்து, அது நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓடட்டும், வளைந்த ஊசிக்குப் பதிலாக நேரான ஊசி மேலிருந்து இறங்கட்டும் என்றார். 1851-இல் காப்புரிமை கிடைத்தது. என் மெஷினில் ஷட்டில் நேராக ஓடாமல் வில்போல் வளைந்து ஆடுகிறது. அது பின்னால் வந்தவர்களின் திருத்தம். நேர் ஊசியும், துணி படுத்திருக்கும் தட்டையான மேடையும் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டன.

நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணியை இது தயங்காமல் தைக்கிறது. மிதியை மெதுவாக அழுத்தினால் ஒவ்வொரு தையலாக எண்ணித் தைக்கலாம். மோட்டார் மெஷினில் எனக்கு இந்தக் கட்டுப்பாடு கிடைத்ததே இல்லை. தோட்டா வடிவ ஷட்டிலுக்குள் அடி நூல் சுற்றிய நீண்ட பாபினைப் போட்டு, நூலைத் தகட்டு ஸ்பிரிங்கின் அடியில் இழுத்து விடும்போது மெல்லிய 'டிக்' என்ற பிடிப்பு விரலில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடியில் நூல் சிக்கும். பின்னோக்கித் தைக்கும் வசதி கிடையாது. முனையில் துணியைத் திருப்பித்தான் முடிச்சுப் போட வேண்டும்.

இவ்வளவு நல்ல பொருள் வீடுகளுக்குள் நுழைந்ததில் சிங்கரைவிட அவருடைய கூட்டாளி, வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க்குக்கே அதிகப் பங்கு உண்டு என்பது என் கருத்து. சிங்கருக்கு முன்பே தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோவின் 1846 காப்புரிமையால் எழுந்த வழக்குகள், 1856-இல் போட்டி நிறுவனங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்ததும் அடங்கின. அதே ஆண்டில்தான் தவணை முறை விற்பனையும் தொடங்கியது. மொத்தப் பணத்தை ஒரேயடியாகக் கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு அதுவே வழி திறந்தது.

தோல் பெல்ட் அற்றுப்போயிருந்ததைக் கடைக்காரர் எனக்குச் சொல்லவில்லை. வாங்குவதற்கு முன் சக்கரத்தைக் கையால் ஒருமுறை முழுதாகச் சுற்றி, ஷட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை எளிதில் மாற்றிவிடலாம், ஷட்டில் தொலைந்திருந்தால் மெஷின் ஒரு தையலும் போடாது.