மதில் விளக்கும் துரு ஸ்பிரேயும்: நான்கு ஆண்டு அனுபவம்

மதில் விளக்கின் திருகுகள் அசையவே மறுக்கின்றன, நீங்கள் பயன்படுத்தும் துரு ஸ்பிரேயை வாங்கலாமா என்று எதிர்வீட்டு நண்பர் சென்ற வாரம் கேட்டார். யோசிக்காமல் வாங்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்த டப்பாவைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது.

திருவான்மியூரில் கடலுக்கு மூன்று தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டு வாயில் தூண்களில், மாமனார் காலத்து அலுமினிய விளக்குகள் இரண்டு உள்ளன. அலுமினிய உடலில் இரும்புத் திருகு இருந்து, உப்பு ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். இரும்பில் ஏறும் துருவோ தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மரை கல்லாகிவிடும்.

சில நிமிடங்களில் கழலும் என்று டப்பாவில் இருப்பதை நம்ப வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு மாலையில் ஒரு முறை, காலையில் ஒரு முறை ஸ்பிரேயில் இருக்கும் எண்ணெயை விட்டு, திருப்புளியைத் திருகின் தலையில் ஊன்றிப் பிடியில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் நூலளவு திருப்பிய பிறகே கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். அப்போது 'கிட்' என்று ஓர் ஒலி எழும்; மாலைக் காப்பியைவிட எனக்கு அது பிடிக்கும். எட்டில் ஆறு திருகுகள் இப்படி வந்தன. ஒன்று தலை மழுங்கி டிரில் வரை போனது. இன்னொன்று இன்றும் அங்கேயே இருக்கிறது.

ஆகவே எண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் டப்பாவின் மூக்கில் செருகும் அந்தச் சிவப்புக் குழல் மீதுதான். அழுத்தியவுடன் அது அம்புபோல் பறந்து செம்பருத்திச் செடிக்குள் விழும். டேப் சுற்றினால் எண்ணெயில் பசை ஊறி, டேப்போடு சேர்ந்து பறக்கும். குழல் இல்லாமல் அடித்தாலோ திருகுக்குப் போவதைவிடச் சுவருக்கு வழிவதுதான் அதிகம். தூணில் அந்தக் கறை இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் மூடியில் பீய்ச்சி, பழைய சிரிஞ்சால் உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். அதற்கு ஸ்பிரே எதற்கு என்று மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பித்தளை ஹோல்டரில் மட்டும் இதை அடிக்காதீர்கள்; என் விளக்கில் ரப்பர் வாஷர் உப்பிப்போனது. ஒயரைக் கழற்றி, வெறும் பித்தளைப் பகுதியைப் புளியால் தேய்த்துக் கழுவி உலர்த்தினால் பச்சைக் களிம்பு போய்விடும்.

இத்தனை திட்டியும் நேற்று இரண்டாவது டப்பா வாங்கினேன். மீதமிருக்கும் அந்த ஒரு திருகை விட மனமில்லை.