ஐநேச்சுரலிஸ்ட் செயலி: கடற்கரையில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

நண்டு, சிப்பி, சங்கு, பாசி என்று கரையோர உயிர்களை இனம் பிரிக்கப் பழகுகிறவர்கள் போனில் முதலில் ஏற்ற வேண்டிய செயலி ஐநேச்சுரலிஸ்ட். உயிரின் படத்தை ஏற்றினால் பெயரை ஊகித்துச் சொல்லும், மற்ற பயனர்களும் பெயரிட்டுச் சரிபார்ப்பார்கள். 2008-இல் தொடங்கிய இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. சிக்னல் இல்லாத கரையிலும் படம் எடுத்து வைத்துப் பிறகு ஏற்றலாம். ஆனால் இதை மட்டும் நம்பிக் கணக்கெடுப்பு நடத்த முடியாது.

படத்தைப் பார்த்துச் செயலி சொல்லும் பெயரை எல்லா உயிர்களிலும் ஒரே அளவுக்கு நம்பக் கூடாது. கடற்பஞ்சில் நம்பவே கூடாது. பல கடற்பஞ்சுகளை உறுதிசெய்ய உடலுக்குள் இருக்கும் நுண்முட்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். நிறமும் வடிவமும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். செயலி அதற்கும் ஓர் இனப்பெயரை நீட்டும். பேரினத்தோடு, சில சமயம் வெறும் 'கடற்பஞ்சு' என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

பெயர் சரியாக வர, படம் சரியாக இருக்க வேண்டும். நண்டுக்கு மூன்று படம்: மேலோட்டு விளிம்பின் பற்களை எண்ணும்படி மேலிருந்து ஒன்று, இரண்டு கொடுக்குகளும் தெரிய முன்னாலிருந்து ஒன்று, வயிற்றுப்புறம் ஒன்று. வயிற்று மடல் ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். சங்குக்கு வாய்ப்பக்கம் கட்டாயம். பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுக்கு ஓட்டுத் தகடுகளும் நடுத்துளையின் வடிவமும் தெரிய வேண்டும். பாசியை வெள்ளைத் தட்டில் கடல்நீர் விட்டு மிதக்கவிட்டு எடுங்கள். நீருக்கு வெளியே இழைகள் ஒட்டிக்கொள்ளும், கிளை பிரியும் விதம் தெரியாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். கூம்புச் சங்கைக் கையில் எடுக்கவே வேண்டாம். சில இனங்களின் நஞ்சு ஆளைக் கொல்லும்.

வெறும் ஓடு கரையில் கிடந்தால் 'இறந்தது' என்று குறியுங்கள். அந்த உயிர் அங்கேதான் வாழ்ந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை. ஓட்டுக்குள் துறவி நண்டு இருந்தால் நண்டுக்குத் தனிப் பதிவு, ஓட்டுக்குத் தனிப் பதிவு.

'ஆய்வுத் தரம்' என்ற முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். குறைந்தது இருவர் பெயரிட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது கிடைத்துவிடும். செயலி காட்டியதை நீங்கள் அப்படியே ஏற்று, இன்னொருவரும் யோசிக்காமல் 'சரி' தட்டினால் தவறான பெயருக்கும் முத்திரை விழும். எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

பெரிய குறை, இல்லாததை இது பதியாது என்பது. எவ்வளவு பரப்பில் எவ்வளவு நேரம் தேடினோம் என்பதும் பதிவுகளிலிருந்து தெரியாது. கண்ணைக் கவரும் நட்சத்திர மீனுக்குப் பத்துப் படம் சேரும், பாறை முழுக்க ஒட்டியிருக்கும் கொட்டலசுக்கு ஒன்றுகூட இருக்காது. ஆகவே கணக்கெடுக்க 50 செ.மீ. சதுரச் சட்டம் ஒன்றைப் பிவிசி குழாயில் செய்துகொள்ளுங்கள். அதைப் பாறைமேல் வைத்து, உள்ளே இருப்பதை மட்டும் எண்ணித் தாளில் எழுத வேண்டும். நூல் கட்டி 25 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் சட்டப் பரப்பில் 4 சதவீதம். கடல்நீர் ஏறி இறங்கும் பகுதியின் மேல், நடு, கீழ் மட்டம் ஒவ்வொன்றிலும் ஐந்து முறையாவது சட்டத்தை வையுங்கள். எங்கே வைப்பது என்பதை அளவுநாடாவும் குலுக்கல் எண்களும் முடிவு செய்யட்டும். கண் போன இடத்தில் வைத்தால் உயிர் அதிகமுள்ள இடமே திரும்பத் திரும்ப வரும். ஒன்றும் இல்லாத சட்டத்துக்கு 0 என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே திருப்பி வையுங்கள். அடிப்பக்க உயிர்கள் வெயிலில் காய்ந்து செத்துவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் வற்றும். நீர் முழுவதும் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, நீர் திரும்பியதும் கரையேறிவிடுங்கள்.

அழிவின் விளிம்பிலுள்ள பல இனங்களின் இடத்தைச் செயலி தானாகவே மங்கலாக்கும். வெளியாட்களுக்குத் தெரியும் புள்ளி பல கிலோமீட்டர் தள்ளி விழலாம். உங்கள் தாளில் சரியான இடத்தைக் குறித்துவையுங்கள். எத்தனையாவது சதுரச் சட்டம் என்ற எண்ணைச் செயலியின் குறிப்புப் பகுதியிலும் எழுதினால், பதிவுகளைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கும்போது தாளில் உள்ள எண்ணிக்கையோடு வரிக்கு வரி பொருத்தலாம்.